பாதி வழித் தபால்

இழப்பீட்டு அலுவலகத்தின் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்த அக்கா தன் வலது கைப் பெருவிரலால் அழுத்தித் தபால்தலை ஒட்டிய கவரை யார் கையில் வாங்கினாலும், வாங்கியவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, அனுப்பியவர் முகவரிக்கு வந்து நின்றுவிடுவார். ஈரத்தலையோடு கவரை வாங்கியவர் ஈரத்தலையோடு வருவார். கடையில் இருந்தவர் கல்லாவைத் திறந்து போட்டபடி வருவார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் வந்ததில் ஒரு வருத்தமும் இருக்காது. நாற்காலி காலியாக இருந்தால் உட்காருவார்கள், இல்லாவிட்டால் சுவரோரமாக நிற்பார்கள். இத்தனைக்கும் கவருக்குள் இருந்தது எல்லோருக்கும் ஒரே கடிதம்தான்: தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது, நேரில் வரத் தேவையில்லை.

நெடுஞ்சாலைக்காக வீட்டையும் தோட்டத்தையும் விட்டுக்கொடுத்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய ஏற்பட்ட அலுவலகம் அது. சாலை போட்டு, அதில் குழி விழுந்து, குழியை அடைத்து, அடைத்த இடத்திலேயே மறுபடி குழி விழுந்துவிட்டது. பட்டுவாடா மட்டும் ஆரம்பக் கட்டத்தில் இருந்தது. டெஸ்பாட்ச் பிரிவு என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. யாராவது படியேறினால் அக்காவின் தலையில் தூசி கொட்டும். மேசைமேல் ஒரு சின்னத் தராசு, தண்ணீர்க் கிண்ணத்தில் ஸ்பாஞ்சு, தாள் தாளாகத் தபால்தலைகள். அக்காவுக்கு ஒரு பேர் இருந்தது, அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி அவளைவிட வயதில் மூத்த மேனேஜர் முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் அக்காதான்.

வந்தவர்களை மேனேஜர் முதலில் விரட்டிப் பார்த்தார். "நேரில் வரத் தேவையில்லைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, படிக்கலையா?" என்று ஒருவரிடம் கேட்டார். "படிச்சேன் சார். படிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன்" என்றார் அவர். ஒரு ஃபைலை ஒதுக்கிவைப்பது சுலபம். ஃபைலுக்குச் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒதுக்கிவைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒருத்தி தன் வீட்டு வாசற்கதவுச் சாவியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள், வீடு இருந்த இடத்தில் லாரி ஓடிக்கொண்டிருந்தது. ஆள் கிளம்பினால் போதும் என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அடுத்தவருக்கும் போட்டார். அப்படியே ஒரு வருஷத்தில் அந்த அலுவலகம் செய்த பட்டுவாடா மற்ற எல்லாக் கிளைகளும் சேர்ந்து செய்ததைத் தாண்டிப் போனது. இதே வேகத்தில் போனால் இழப்பீடு முடிந்துபோய் அலுவலகத்தையே மூடவேண்டி வரும் என்று தலைமை அலுவலகம் பதறிப்போய் விளக்கம் கேட்டது.

மேனேஜர் முதலில் பசையைச் சந்தேகப்பட்டார். பிறகு ஸ்பாஞ்சை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், கிண்ணத்தைக்கூட மாற்றினார். கடைசியில் அட்டெண்டரை விட்டு ஒட்டச் சொன்னபோதுதான் யாரும் வரவில்லை. ஆனால் ஒட்டுவது தன் வேலை இல்லை, ஃபைல் தூக்குவதுதான் தன் வேலை என்று அட்டெண்டர் மறுநாளே சங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். அக்காவை வேறு ஊருக்கு மாற்றலாம் என்றால் மாற்றல் உத்தரவில் காரணம் என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே பெருவிரல் என்று எழுத மேனேஜருக்குக் கூச்சமாக இருந்தது. விரல்தான் காரணம் என்று அக்காவைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அது தங்கை விஷயத்தில் தெரிந்துபோயிருந்தது.

தங்கை, அரை நாள் பஸ் பயணத் தூரத்தில் இருந்த ஒரு ஊரில் சொந்தமாக முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். அப்பா அம்மா போனபிறகு ஒருத்திக்கு ஒருத்திதான். அக்கா மாதம் ஒரு கடிதம் போடுவாள், தங்கை கடிதத்தைப் பார்த்ததும் ஓடி வந்துவிடுவாள். கூடப்பிறந்தவளுக்குத் தன்மேல் இவ்வளவு பாசமா என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள். ஒரு நாள் காலையில், கல்யாணப் பெண் ஒருத்தியின் தலையலங்காரத்தில் பாதி முடிந்திருந்த நேரத்தில், போஸ்ட்மேன் கவரை நீட்டினார். தங்கை கையில் கத்தரிக்கோலோடும் தலையில் செருகிய சீப்போடும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கடிதத்தில் அக்கா எழுதியிருந்தது, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ரிப்பேருக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது. பாதித் தலையோடு மேடையேறிய பெண்ணும் அவள் சொந்தக்காரர்களும் ஊர் முழுக்கச் சொல்லி முடித்ததில் தங்கையின் கடையில் ஈ ஆடியது. கடையை மூடிவிட்டு அவள் இன்னொருத்தி கடையில் கூலிக்கு நின்றாள்.

அலுவலகத்துக்கு வருகிறவர்களும் இப்படித்தான் ஓடி வருகிறார்கள் என்று அக்கா சொன்னபோதுதான் இருவருக்கும் விரல் பிடிபட்டது. கடை போனதைக்கூடத் தங்கை பொறுத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா நான் வந்ததெல்லாம் நானா வந்ததா, நீ இழுத்து வந்ததா?" என்று கேட்டாள். அக்காவுக்கும் அதே கேள்விதான், அவளுக்குத்தான் அது அதிகமாக வலித்தது. "உன் ஊர்லேர்ந்து ஸ்டாம்பு ஒட்டி வர்ற எந்தக் கவரையும் இனிமே நான் தொடமாட்டேன். யார் விரல் பட்டதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுத் தங்கை போனாள். சொன்னபடியே செய்தாள். போன் செய்தால் குரல் கேட்டதும் வைத்தாள். கடிதங்கள் வாங்க மறுத்தார் என்ற குறிப்போடு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. திரும்பி வந்த கவர்களைக் கையில் வாங்கும்போது அக்காவுக்கே கால் அரித்தது. ஆனால் அனுப்பியவர் முகவரி அவள் வீடுதான் என்பதால் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் அலுவலகத்துக்கு முத்திரை மெஷின் வந்தது. ரொட்டி வைக்கிற பெட்டி அளவு, சாம்பல் நிறம். ஒரு பக்கம் கவரைக் கொடுத்தால் மறுபக்கம் வெளியே வரும்போது சிவப்பு மையில் அலுவலகத்தின் பேர், தேதி, கட்டணம் எல்லாம் ஒரே அடியில் விழுந்திருக்கும். ஸ்பாஞ்சு வேண்டாம், விரல் வேண்டாம். கட்டணத்தை யாரும் மாற்றிவிடாதபடி தபால் இலாகா அதன் வயிற்றில் ஈயச் சீல் வைத்திருந்தது. மெஷின் அடித்த முதல் கட்டுத் தபால் போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒரு ஈ காக்கை வரவில்லை. நாற்காலிகள் காலியாயின. ஃபைல்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. மேனேஜர் பல மாதங்களுக்குப் பிறகு மின்விசிறியைத் தானே நிம்மதியாகப் பார்த்தார். பொதுமக்கள் வருகையைக் குறைத்ததற்காக அந்த ஆண்டின் சிறந்த அலுவலகம் என்று ஒரு மரக் கேடயமும் வந்தது. அதைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்கள், கவர்கள் பறக்காமல் இருக்க உதவியது.

கேடயம் வந்த மகிழ்ச்சியில் மேனேஜர் இருந்தபோது அக்கா அவர் அறைக்குப் போனாள். தன் சொந்தக் கடிதம் ஒன்றை, கட்டணத்தைக் கட்டிவிட்டு, மெஷினில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"ஏன்க்கா, ஸ்டாம்பு ஒட்டினா என்ன?"

"ஒட்டினா வந்துடுவா சார்."

"வரட்டுமே."

"அப்படி வேணாம் சார். அவளா வரணும்."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத மனுக்களை அவர் வழக்கமாகப் பரிசீலனையில் வைப்பார், அன்றைக்கு என்னவோ சரி என்றுவிட்டார். சிவப்பு முத்திரை விழுந்த கவர் போனது. திரும்பி வரவில்லை. தங்கை வாங்கிக்கொண்டாள் என்று அக்காவுக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. அடுத்த மாதம் ஒன்று போட்டாள், அதையும் வாங்கிக்கொண்டாள். ஆனால் வரவில்லை, ஒரு வரி பதிலும் இல்லை. மெஷின் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வருவதற்கும் வராமலிருப்பதற்கும் தங்கைக்கு முழு உரிமை கிடைத்திருந்தது, அவள் மாதம் தவறாமல் வராமலிருந்தாள். இப்படியே வருஷங்கள் போயின. மேசை இழுப்பறையில் பழைய தபால்தலைத் தாள்கள் மிச்சம் இருந்தன. சில சாயங்காலங்களில் அக்கா அவற்றை எடுத்துப் பார்ப்பாள், தன் பெருவிரலைப் பார்ப்பாள், இழுப்பறையைச் சாத்துவாள். ஒட்டினாலும் தங்கை வாங்கமாட்டாள் என்று தெரியும், இருந்தாலும் பார்ப்பாள். அவளுக்குத் தங்கையைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. அழுகை வந்தால் அடக்கமாட்டாள். படியேறுகிறவர்கள் கொட்டுகிற தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் வசதி அந்த மேசையில் இருந்தது.

பிறகு ஒரு நாள் தபால் கட்டணம் இரட்டிப்பானது. மெஷினுக்கோ பழைய கட்டணம்தான் அடிக்கத் தெரியும். சீலை உடைத்து உள்ளே மாற்றுகிற அதிகாரம் ஒரே ஒரு மெக்கானிக்குக்குத்தான் உண்டு. அவர் தலைநகரில் தொடங்கி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். அதுவரை பாதிக் கட்டணத்தை மெஷினிலும் மீதிப் பாதியைத் தபால்தலையாகவும் போடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அக்கா கிண்ணத்தைத் துடைத்துத் தண்ணீர் ஊற்றினாள். சிவப்பு முத்திரைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கவரிலும் ஒரு தபால்தலையை வைத்து அழுத்தினாள்.

இந்தத் தடவை வந்தவர்கள் பாதி தூரம் வந்தார்கள். தங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சரிபாதியில் கால் நின்றுவிடும். பஸ்ஸில் இருந்தால் மணியடித்து இறங்கிவிடுவார்கள். பொழுது சாய்கிறவரை நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒருவருக்குப் பாதி தூரம் ஆற்றின் நடுவில் வந்தது. நல்லவேளை, தண்ணீர் முழங்காலுக்குத்தான் ஓடியது. இன்னொருவருக்கு முன்பின் தெரியாத ஒரு வீட்டின் சமையலறையில் வந்தது. அந்த வீட்டு அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சும்மாதானே நிற்கிறீர்கள் என்று வெங்காயம் நறுக்கக் கொடுத்தாள். ஊரைச் சுற்றி நான்கு பக்கமும் ஆட்கள் இப்படி நிற்பது பத்திரிகையில் வந்ததும் தலைமை அலுவலகம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது: பாதி வழி வந்தவர்களுக்குப் பாதித் தொகை. எல்லோரும் இதை நியாயம் என்றே சொன்னார்கள். மீதியைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் மீதித் தூரமும் வரவேண்டும், அதற்கு யாருக்கும் கால் வரவில்லை.

தங்கைக்குக் கடிதம் போடுகிற நாள் வந்தது. அக்கா கவரை மெஷினில் விட்டு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியே அனுப்பினால் கட்டணம் போதாது, வாங்குகிறவள் அபராதம் கட்டவேண்டும். அடுத்தவள் கடையில் நின்று சம்பாதிக்கிறவளிடம் அபராதம் வாங்க அக்காவுக்கு மனமில்லை. ஒட்டினால் பாதி இழுத்தது போலாகும். பாதிதானே என்று ஒரு மனம் சொன்னது. திருட்டில் பாதித் திருட்டு என்று ஒன்று உண்டா என்று இன்னொரு மனம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டது. கடைசியில் தபால்தலையை ஒட்டினாள். ஒட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே, கவரின் வெளிப்பக்கம், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று பெரிதாக எழுதினாள்: ஒட்டியது நான்தான். வேண்டாமென்றால் தொடாதே.

கவர் போய்ச் சேரும் நாளில் லீவு போட்டாள். பாதி தூரம் அவளை இழுக்கிறோம் என்றால் மீதிப் பாதியை நாம் போகிறதுதானே முறை என்று பஸ் ஏறினாள். பாதி வழியில் தங்கை இல்லாவிட்டால், தொடவே மாட்டேன் என்று விட்டாள் என்று அர்த்தம். இருந்தால், மறுபடியும் இழுபட்டு வந்தாள் என்று அர்த்தம். எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது என்று தெரியாமலேயே இறங்கினாள்.

இரண்டு ஊர்களுக்கும் சரிபாதியில் இருந்தது லாரிகளுக்கான எடைமேடை. இரும்புப் பலகையின்மேல் லாரிகள் ஏறி நிற்க, ஜன்னலுக்குள்ளிருந்து ஒருவர் எடையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் தங்கை நின்றாள். தலையில் சீப்பு செருகியிருந்தது. காதோரம் முடி நரைத்திருந்தது, அக்காவுக்கு அது அன்றுவரை தெரியாது.

"ரொம்ப நேரமாச்சா?" என்றாள் அக்கா.

"இப்பத்தான். பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன். சரி, இதான் பாதி போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

"மேலே எழுதியிருந்தேனே."

"போஸ்ட்மேனே படிச்சுக் காட்டினார். வேணாம்தானேம்மான்னு திரும்பிப் போயிட்டார். நான்தான் தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் வாங்கினேன்."

ஒரு லாரி ஏறியது, எடை சொல்லப்பட்டது, இறங்கியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இங்கே படிக்கட்டும் இல்லை, தூசி என்று சொல்லவும் முடியாது. "மெஷின்ல போட்ட லெட்டரெல்லாம்?" என்று கேட்டாள்.

"எல்லாம் படிச்சேன். ஒவ்வொரு தடவையும் வரணும்னுதான் இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த மாசம்னு தள்ளிப்போச்சு. கோபம் எப்பவோ போயிடுச்சுக்கா. அது போன இடத்துல வெக்கம் வந்து உட்கார்ந்துக்கிச்சு. யாராவது முதுகுல கை வெச்சு லேசாத் தள்ளியிருந்தா வந்திருப்பேன்."

"தள்ளுனதுக்குத்தானே கோவிச்சுக்கிட்டே."

"அது தள்ளுறதில்லை, குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போறது." தங்கை சீப்பை எடுத்து அக்காவின் தலையைக் கேட்காமலேயே வாரத் தொடங்கினாள். "முழுசாத் தூக்காதே. முழுசா விட்டுடவும் செய்யாதே. எனக்குப் பாதி போதும்."

கடைசியில் மெக்கானிக் வந்து சேர்ந்தார். சீலை உடைத்தார், புதுக் கட்டணத்தை மாட்டினார், புதுச் சீல் வைத்தார். அலுவலகத்துத் தபால்கள் முழுக்க மெஷினிலேயே போயின, யாரும் எங்கும் கிளம்பவில்லை, அடுத்த கேடயமும் வந்தது. பாதித் தொகை வாங்கியவர்களின் ஃபைல்களில் மீதி பரிசீலனையில் உள்ளது என்று எழுதிக் கட்டிவைத்தார்கள். அக்கா கேட்டுக்கொண்டதால் மெக்கானிக் பாதிக் கட்டணத்துக்கும் ஒரு திருகு வைத்துக் கொடுத்திருந்தார். எதற்கு என்று கேட்டவரிடம், அது வேற தபால் என்றாள். மாதம் ஒரு கவர் பாதி மெஷினும் பாதி விரலுமாகப் போகும். போய்ச் சேருகிற நாளில் இருவரும் எடைமேடையில் சந்திப்பார்கள். எடைமேடைக்காரர் முதலில் ஒரு நாற்காலி போட்டார், பிறகு இன்னொன்று போட்டார். ஒருமுறை வண்டி இல்லாத நேரத்தில் இருவரையும் மேடையேற்றிப் பார்த்து, இவ்வளவு பேசுகிறவர்களுக்கு இவ்வளவுதானா எடை என்றார்.

ஒரு மாதம் அக்கா போய் உட்கார்ந்தாள், தங்கை வரவில்லை. பஸ்கள் வந்தன, போயின. வாங்கவில்லையா, உடம்புக்கு எதுவுமா, மறுபடி கோபமா என்று பொழுது சாய்கிறவரை கண்டதையும் நினைத்துவிட்டு, எடைமேடைக்காரரிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் திரும்பினாள். பூட்டிய வீட்டு வாசற்படியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கையில் கவர் இருந்தது. சிவப்பு முத்திரை பாதிக் கட்டணத்துக்கு விழுந்திருந்தது. பக்கத்தில் தபால்தலை இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"ஸ்டாம்பு எங்கேக்கா? அபராதம் கட்டி வாங்க வெச்சுட்டியே. நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். வந்தா வீடு பூட்டியிருக்கு."

மறந்துவிட்டேன் என்றாள் அக்கா. இருக்கலாம். அத்தனை ஆயிரம் தபால்தலைகளை ஒட்டிய கைக்கு ஒன்று மறந்துபோவது பெரிய விஷயமில்லை. தங்கையும் அதைத் துருவவில்லை. விரல் அழுத்தாத கவரை வைத்துக்கொண்டு தங்கை முழுத் தூரமும் தானாகவே வந்திருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அக்கா கதவைத் திறந்தாள். தங்கை நேராகச் சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டாள்.

"இந்தக் குழாய் இன்னுமா ஒழுகுது?" என்றாள்.

அடுத்த மாதக் கவரில் வழக்கம்போல் தபால்தலை இருந்தது.